ஒரு பக்கம் சிவப்பு

மதுரையில் விளையாட்டுச் சாமான் விற்கிற அந்தக் கடையில், டேபிள் டென்னிஸ் மட்டைக்கு ரப்பர் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் உடனே எடுத்துத் தந்துவிட மாட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்பார். "நீங்க அடிச்சு ஆடுற ஆளா, தடுத்து ஆடுற ஆளா?" சட்டைக்கு அளவு கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்பார். அடிக்கிறவருக்குப் பந்தைப் பிடித்து வீசுகிற, அடியில் கனத்த ஸ்பாஞ்சு வைத்த ரப்பர். தடுக்கிறவருக்கு மெல்லிய ஸ்பாஞ்சு, வேகம் குறைவு. ஆளைத் தெரிந்துகொள்ளாமல் ரப்பரைச் சொல்ல முடியாது என்பது அவர் கொள்கை. நான் இரண்டு தடவை அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றிருக்கிறேன். இரண்டு தடவையும் உண்மையைச் சொல்லவில்லை. நான் பயந்து ஆடுகிற ஆள். அதற்கென்று தனியாக ஒரு ரப்பர் இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பந்தின் எடை இரண்டரை கிராம். மேலே பட்டால் கொசு கடித்த அளவுகூட வலிக்காது. ஆனாலும் எதிரே நிற்பவன் கையை ஓங்கினால் என் கண் தானாக மூடிக்கொள்ளும். கிரிக்கெட்டில் பந்து கனம், கபடியில் ஆள் கனம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் நான் டேபிள் டென்னிசுக்கே வந்து சேர்ந்தேன். இங்கேயும் பயம் கூடவே வந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது, எண்பதுகளின் தொடக்கத்தில், முதல் தடவை அந்தக் கடைக்குப் போனபோது "தடுத்து ஆடுறவன்" என்று கௌரவமாகச் சொல்லிக்கொண்டேன். கடைக்காரர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு மட்டையை எடுத்து வந்தார்.

அதில் இரண்டு பக்கமும் கறுப்பு. ஒரு பக்கம் எல்லோரும் வைத்திருக்கிற வழக்கமான ரப்பர், மேலே சமதளமாக இருக்கும். பந்தை அதனால் உரசினால் சுழன்றுகொண்டு போகும். மறுபக்கம் முழுக்க நீளமான குமிழ்கள். பிம்பிள் என்பார்கள். குமிழ்ப் பக்கம் பட்ட பந்து, எதிராளி கொடுத்த சுழற்சியை அவனுக்கே தலைகீழாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும். அவன் பந்தைத் தூக்கினால் அது கூரைக்குப் போகும், அழுத்தினால் வலையில் விழும். ஒன்பதடி தள்ளி நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். நான் செய்ய வேண்டியதெல்லாம் கையை மேசைக்குக் கீழே தாழ்த்தி, விரல்களுக்கு நடுவில் மட்டையை ஒரு சுற்றுச் சுற்றுவது மட்டும்தான். எந்தப் பக்கத்தால் ஆடினேன் என்பது அவனுக்குத் தெரியாது. குழம்பியவன் ஓங்கி அடிக்க மாட்டான். ஓங்கி அடிக்காவிட்டால் எனக்குக் கண் மூடாது. என் ஆட்டம் முழுவதும் இவ்வளவுதான். இதைத்தான் ஊரில் "என்னமா வெட்டி ஆடுறான்" என்று பாராட்டினார்கள்.

அந்த மட்டைதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. பட்டம் வாங்கிவிட்டு மூன்று வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்கும் நூலகத்துக்கும் நடந்துகொண்டிருந்தவனை, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீசில் உட்கார வைத்தார்கள். ஷிப்டுக்கு வருகிறவர்களின் அட்டையில் நேரம் பதிந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுகிற வேலை. மேனேஜருக்கு டேபிள் டென்னிஸ் என்றால் உயிர். வருஷா வருஷம் ஆனி மாதத்தில் சுற்றுவட்டார மில்களுக்குள் ஒரு போட்டி நடக்கும். அதற்கு ஆள் தேடித்தான் என்னைப் பிடித்தார். ஆனால் வேலை டெம்பரவரி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு காகிதத்தில் நீட்டிப்பார்கள். போன வருஷம் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றேன். மேனேஜர் தோளைத் தட்டி ஒன்று சொன்னார். "அடுத்த வருஷம் கோப்பையக் கொண்டாங்க, பெர்மனன்ட் ஆர்டர வாங்கிட்டுப் போங்க." விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை. நிஜம் என்றே வைத்துக்கொண்டேன்.

அதை நம்பித்தான் அடுத்த ஆவணியில் எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. பெண் வத்திராயிருப்பு. என் மாமனார் தென்னையும் நெல்லும் வைத்திருந்த விவசாயி. எதையும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டுதான் காலை எடுத்து வைப்பார். பெண் பார்க்கப் போன அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "மில்லு வேலைங்கிறாக. பெர்மனன்ட்தான மாப்ள?" நான் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று பிற்பாடு எனக்கு நானே எத்தனையோ தடவை வாதாடிப் பார்த்திருக்கிறேன். செல்லவில்லை. இன்னும் ஒரு வருஷத்தில் உண்மையாகப் போகிற விஷயம்தானே, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னால் என்ன என்றுதான் அப்போது நினைத்தேன். அவரும் நம்பிப் பெண்ணைக் கொடுத்தார். அவளும் நம்பி வந்தாள். வைகாசியில் அவளுக்கு ஐந்தாம் மாதம்.

அந்த வைகாசியில்தான் போட்டிக் குழுவிலிருந்து சுற்றறிக்கை வந்தது. உலகம் முழுக்க விதி மாறிவிட்டதாம். இனிமேல் மட்டையின் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் கறுப்பாகவும்தான் இருக்க வேண்டுமாம். மேனேஜர் அதைச் சந்தோஷமாக என்னிடம் நீட்டி, நம் மட்டையும் கலர் கலராக ஆகட்டும், மதுரைக்குப் போய் நல்ல ரப்பராகப் பார்த்து வாங்கி வாருங்கள் என்றார். அவருக்கு அது கலர் விஷயம். எனக்கு அது முகமூடியைக் கழற்றச் சொன்ன மாதிரி. ஒரு பக்கம் சிவப்பு என்றால், நான் கையை எவ்வளவுதான் மேசைக்குக் கீழே வைத்துச் சுற்றினாலும், அடுத்த நொடியே எதிராளிக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அவன் ஓங்குவான்.

அன்று பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பும்போது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பயம் ஏறி உட்கார்ந்தது. தோற்பேன். ஆர்டர் வராது. ஆறு மாதக் காகிதமும் நின்றுபோகும். மாமனாருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். அந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என்ன என்று கேட்டால் மில்லில் வேலை அதிகம் என்பேன். அதையே அவள் மறுபடி கேட்டால் எரிந்து விழுவேன். பயந்தவனுக்குக் கோபம் எங்கிருந்துதான் அவ்வளவு வருமோ, தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனேன். அதே கடை, அதே கடைக்காரர், அதே கேள்வி. "அடிச்சு ஆடுறவன்" என்றேன். எல்லாம் வெட்ட வெளிச்சமான பிறகு அடித்து ஆடினால்தான் பிழைக்கலாம் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டிருந்தேன். அவர் என் பழைய மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குமிழ்ப் பக்கம் மட்டும் நடுவில் தேய்ந்திருந்தது. சமதளப் பக்கம் ஓரமெல்லாம் புதுசு மாதிரி இருந்தது. பாவி மனுஷருக்கு எல்லாம் புரிந்திருக்கும். குமிழ் ரப்பரில் சிவப்பு இன்னும் வரவில்லை, அதனால் அது கறுப்பாகவே இருக்கட்டும், சமதளத்தைச் சிவப்பாக்கிக்கொள்ளுங்கள் என்று இரண்டு தாள்களை மேசையில் போட்டார்.

இரண்டும் சிவப்பு. ஒன்று மெல்லியது, அதில் பந்து நின்று நிதானமாகக் கிளம்பும். மற்றது தடித்தது, தொட்டாலே பாயும். மெல்லியதை என் பக்கம் தள்ளி, "இது உங்க கைக்குச் சரியா வரும் தம்பி" என்றார். நான் தடித்ததை வாங்கினேன். ரப்பர் வாங்கும்போது முக்கால்வாசிப் பேர் தான் எப்படி ஆடுகிறோம் என்று பார்த்து வாங்குவதில்லை. எப்படி ஆட ஆசையோ அதைப் பார்த்து வாங்குகிறார்கள். என் விஷயத்தில் ஆசைகூட இல்லை, பயம்தான் வாங்கியது.

மில்லின் மனமகிழ் மன்றத்தில் உட்கார்ந்து பழைய ரப்பரை உரித்தேன். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவிக் காயவைத்து, புதுத் தாளை ஒட்டி, பாட்டிலால் உருட்டி, ஓரத்தை பிளேடால் நறுக்கினேன். பார்க்க மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தது. எங்கள் அணியில் இருந்த எலெக்ட்ரீஷியனோடு ஆடிப் பார்த்தேன். இரண்டு வருஷமாக ஒரு தடவைகூட என்னிடம் ஜெயிக்காத மனிதர். சிவப்புப் பக்கத்தால் நான் தொட்ட பந்தெல்லாம் சுவருக்குப் போயிற்று. அந்த ரப்பர் அவர் கொடுத்த சுழற்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என்னைத் தூக்கி அடித்தது. கறுப்புப் பக்கத்தால் தொட்டால், கறுப்புத்தானே என்று அவர் மெதுவாகத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்ததை ஓங்கி அடித்தார். நான் கண்ணை மூடினேன். இருபத்தொன்றுக்கு எட்டு. அவர் சந்தோஷப்படக்கூட இல்லை. உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த நிலையில்தான் நான் காட் ரூமுக்குப் போனேன்.

நூற்பாலையைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பஞ்சை இழுத்து இழுத்து நூலாக்கும் இயந்திரத்தில், மேல் உருளைகளுக்கு ஒரு ரப்பர் உறை மாட்டியிருக்கும். அதற்குப் பெயர் காட். அது பஞ்சைச் சரியாகப் பிடித்து, சரியாக விட வேண்டும். தேய்ந்துபோனால் அதைக் கழற்றிக் கடைந்து புதுத்தோல் எடுக்க ஒரு தனி அறை உண்டு. அங்கே ஃபிட்டராக இருந்தவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் டேபிள் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் எந்த ரப்பரையும் கட்டைவிரல் நகத்தால் அமுக்கி, இது எவ்வளவு கெட்டி, எத்தனை மாதம் வரும் என்று சொல்வான். மில்லே அவன் நகத்தை நம்பியது.

என் சிவப்பு ரப்பரை அமுக்கிப் பார்த்தான். உள்ளங்கையால் தேய்த்தான். என் கஷ்டத்தை, வேலை விஷயத்தை விட்டுவிட்டு, ஆட்ட விஷயத்தை மட்டும் சொன்னேன். அவன் சிரித்தான்.

"ஏலே, இது ரொம்பப் புடிக்குது. அதான் ஒனக்குத் தொல்ல. காட்டு இப்பிடிப் புடிச்சிச்சின்னா பஞ்சு ரோலர்லயே சுத்திக்கிடும். நாங்க என்ன செய்வோம்? ஆசிட்ல ஒரு முக்கு முக்கி எடுப்போம். பொறவு வழவழன்னு ஆயிரும். ஒண்ணும் ஒட்டாது."

அவன் பேசி முடிக்கும் முன்பே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சிவப்பு என்றால் சுழற்சியைப் பிடிக்கிற பக்கம் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள். அது பிடிக்கவில்லை என்றால்? நிறம் தெரியும், குணம் தெரியாது. பழையபடி எதிராளி குழம்புவான். பழையபடி ஓங்க மாட்டான். ரப்பருக்கு ஆசிட் போடக்கூடாது என்று சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் கதவைச் சாத்திவிட்டு முக்கச் சொன்னவன் நான்தான். செய்வது இன்னதென்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ரப்பரை உரித்து, தட்டில் இருந்த ஆசிட்டில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி, எண்ணிப் பத்து முடிவதற்குள் எடுத்து, தண்ணீரில் அலசிக் கொடுத்தான். நிழலில் காயவைத்து ஒட்டினேன். விரலை வைத்தால் வழுக்கியது. எலெக்ட்ரீஷியன் அன்று என்னிடம் தோற்றுவிட்டு, தன் மட்டையைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கியது. ஐந்தாவது நாள் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. யாராவது தொட்டுப் பார்த்துவிட்டால்? ஆட்டம் தொடங்கும் முன் எதிராளி மட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்க உரிமை உண்டு. அன்றிலிருந்து மட்டையை உறையோடு கக்கத்தில் வைத்துக்கொண்டே திரிந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் அவள் எடுத்துப் பார்ப்பாள் என்று அதை டைம் ஆபீஸ் அலமாரியில் பூட்டினேன். கையில் சொல்யூஷன் நாற்றமும் ஆசிட் நாற்றமும் போக, கொல்லையில் நின்று சோப்பு போட்டுத் தேய்த்தேன்.

போட்டி ராஜபாளையத்தில் இன்னொரு மில்லின் மன்றத்தில், சனி ஞாயிறு இரண்டு நாள் நடந்தது. வெளியே ஆனிக் காற்று மலையிலிருந்து இறங்கி ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. பந்து பறந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே புழுங்கியது. சனிக்கிழமை இரண்டு ஆட்டம். இரண்டு பேருமே மட்டையைத் தூரத்திலிருந்து பார்த்து, கறுப்பு சிவப்பு சரிதான் என்று விட்டுவிட்டார்கள். இரண்டிலும் ஜெயித்தேன். மேனேஜர் எனக்குக் குடிக்க ஒரு பாட்டில் கலர் வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மட்டையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். சிவப்பில் மெல்லிய கோடுகள், வெயிலில் கிடந்த களிமண் மாதிரி. விரலால் நிமிண்டினால் துகள் வந்தது. நேராகக் காட் ரூமுக்கு ஓடினேன். சிநேகிதன் ஷிப்டில் இருந்தான். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான். "காட்ல இப்பிடி வராதே" என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அது வேற ரப்பர்போல" என்றான். மில்லே நம்பிய நகத்துக்கு அன்றுதான் அது தெரிந்தது. அதற்கு மேல் அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? வேறு ரப்பர் வாங்க மதுரைக்குப் போய்வர நேரமில்லை. காலையில் ஒன்பது மணிக்கு அரையிறுதி.

வீட்டுக்கு வந்தால், அவள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். ஆட்டத்தைப் பார்க்க நாளைக்கு அப்பா வருகிறார், நானும் வருகிறேன் என்றாள். வத்திராயிருப்புக்கு அவளே கடிதம் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை ஆடுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். வேண்டாம், அங்கே புழுக்கம், உனக்கு ஆகாது என்றேன். "செத்த நேரம் உக்காந்துட்டு வாரோம், என்ன இப்ப" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் அவர்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் சலவை வேட்டி, தோளில் துண்டு. எதிரே கோவில்பட்டி மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். முதல் செட்டை நான்தான் ஜெயித்தேன், இருபத்தொன்றுக்குப் பதினேழு. என் சிவப்புப் பக்கத்தைப் பார்த்து அவர் ஒவ்வொரு தடவையும் ஏமாந்தார். மாமனார் கைதட்டினார். அவருக்கு விதி ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் தட்டினால் தானும் தட்டினார். ஒவ்வொரு தட்டும் எனக்கு முதுகில் விழுந்தது.

இரண்டாவது செட்டில், ஏழோ எட்டோ இருக்கும்போது, ஸ்டோர் கீப்பர் சர்வீஸ் போடப் பந்தை எடுத்தவர் போடாமல் நின்றார். கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெள்ளைப் பந்தில் சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. தன் சட்டையில் துடைத்தார். சட்டையிலும் சிவப்பு. பந்தை நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நடுவர் ஒரு பேங்க் அதிகாரி. என்னைக் கூப்பிட்டு மட்டையை வாங்கி, சிவப்புப் பக்கத்தில் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். குங்குமச் சிமிழில் விட்டு எடுத்த மாதிரி விரல் வந்தது. அந்த விரலைக் கூட்டத்துக்குக் காட்டுகிறவர் போல மேலே தூக்கியபடியே கேட்டார், "இதுல என்ன போட்டீங்க?" முன்வரிசையைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயற்சி செய்தேன். பார்த்துவிட்டேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். "தெரியல சார்" என்றேன்.

மட்டை செல்லாது, வேறு மட்டையில் ஆடலாம் என்று தீர்ப்பு. எலெக்ட்ரீஷியன் தன் மட்டையைக் கொடுத்தார். நல்ல மட்டை, இரண்டு பக்கமும் நேர்மையான ரப்பர். அதைப் பிடித்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஸ்டோர் கீப்பர் ஓங்கினார். இரண்டாவது செட்டில் அதற்கு மேல் எனக்கு இரண்டு புள்ளி. மூன்றாவதில் மொத்தமே ஐந்து. கண்ணை மூடிக்கொண்டே தோற்றேன். மேனேஜர் என்னிடம் வந்து, நாளைக்கு ஆபீசில் வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானப் பஸ்ஸில் மூன்று பேரும் திரும்பினோம். அவள் முன் சீட்டில், நானும் மாமனாரும் அதற்குப் பின் சீட்டில். காற்றுக்குத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவர் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு என் தொடையில் தட்டினார்.

"வெளையாட்டுதான மாப்ள, விடுங்க. வேல பெர்மனன்ட். அவனுக என்ன செஞ்சிருவானுக?"

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். என்ன குற்றம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். தலையை ஆட்டியிருக்கலாம், ஏற்கெனவே பழகிய வேலைதானே. ஆனால் இன்னொரு பொய்யைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. தைரியம் வந்து சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், பயம் தாங்காமல்தான் சொன்னேன்.

"பெர்மனன்ட் இல்ல மாமா."

"எப்பருந்து?"

"எப்பவுமே இல்ல."

அவர் கையைத் தொடையிலிருந்து எடுத்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வீட்டுக்கு வரவில்லை. வத்திராயிருப்புப் பஸ் நின்றுகொண்டிருந்தது, அதில் ஏறிவிட்டார். அவள் ஜன்னலோரம் போய் ஏதோ சொன்னாள். அவர் அவள் தலையைத் தொட்டார். என்னைப் பார்க்கவில்லை.

பஸ் இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு ஒரு நப்பாசை. வீடு வரை அவள் எனக்கு முன்னாலேயே நடந்தாள். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். செம்பை வைத்துவிட்டுத் திரும்பினாள். அழுவாள், அப்பா வீட்டுக்குப் போகிறேன் என்பாள் என்று நான் கதவோரம் நின்றேன்.

"அம்புட்டுதானா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "ஒரு மாசமா சோறு எறங்கல. கேட்டா எரிஞ்சு விழுறீங்க. கையில மருந்து வாட. சொல்லாம மதுரைக்குப் போறீங்க, சட்டப் பையில டிக்கெட்டு கெடக்கு. பெரியாஸ்பத்திரிக்குத்தான் போறீங்கன்னு நெனச்சேன். வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு, நீங்க செத்துருவீங்கன்னு நான் ஒரு மாசமாப் பயந்து கெடக்கேன். யார்ட்டயும் சொல்லல. அப்பாவ எதுக்கு வரச் சொன்னேன்னு நெனச்சீங்க? தனியாப் பயப்பட முடியல, அதான்."

நான் இத்தனை நாளும் என் பயத்தை யாருக்கும் தெரியாமல் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரே வீட்டில், நான்கு அடி தள்ளி, அவளிடம் போய் இன்னும் பெரிதாக வளர்ந்திருக்கிறது. வேலை போனால் வேறு வேலை என்று பிறகு அவள் சொன்னாள், அதில் எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. முதல் தடவையாக எனக்காகப் பயப்படாமல் அவளுக்காகப் பயந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, பெர்மனன்ட் இந்த வருஷம் கிடையாது, காகிதத்தை மட்டும் ஆறு மாதம் நீட்டுகிறேன், இனிமேல் மட்டையைத் தொட வேண்டாம் என்றார். அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் நின்று அவளிடம் அப்படியே சொன்னேன். நடுவரிடம் தெரியாது என்று சொன்னது பொய், ஆசிட் போடச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "வேற?" என்றாள். வேறு ஒன்றும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுச் சோறு போட எழுந்தாள்.

மாமனார் பிள்ளை பிறந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தார். பெர்மனன்ட் ஆர்டர், ஆட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாமல் போன பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. டைம் ஆபீஸ் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறான் என்று கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். மடிப்பைப் பிரித்து இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கியது. அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"வேற ஒண்ணும் இல்லயே?" என்று கேட்டாள்.